டார்க் கன்வெர்ட்டர் முழுதாக உட்கார்ந்ததா? கியர்பாக்ஸ் ஏற்றும்போது அளந்து உறுதி செய்யும் முறை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கையோடு பம்ப் உடைந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஒன்றைத்தான்: டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருண்டைப் பகுதி) கடைசிச் சில மில்லிமீட்டர் உள்ளே போகாமலே பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவ வாய்) போல்ட்டை இறுக்கியிருப்பார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுவார்கள். "டொக்" என்று ஒரு சத்தம் வரும். "அண்ணா, உள்ள போயிடுச்சு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கன்வெர்ட்டர் உட்கார மூன்று படிகள் இறங்க வேண்டும்; அந்தச் சத்தம் அதில் எந்தப் படி என்று காதுக்குத் தெரியாது. அதனால் இந்த வேலையில் மூன்று முறை அளக்கச் சொல்கிறேன்: மேசையில் ஒருமுறை, எஞ்சினோடு சேரும் முன் ஒருமுறை, சேர்ந்தபின் கன்வெர்ட்டர் போல்ட் போடும் முன் ஒருமுறை.

## 1. உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா

ஆட்டோமேட்டிக் என்று சொல்லப்படும் எல்லா வண்டியிலும் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. மாருதி செலேரியோவில் 2014-ல் வந்த ஏஎம்டி, சாதாரண கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ்தான். டிஎஸ்ஜி மாதிரியான இரட்டைக் கிளட்ச் பெட்டிகளிலும் கன்வெர்ட்டர் இல்லை.

இன்னோவா கிரிஸ்டாவின் 6 வேக ஆட்டோமேட்டிக், கிரெட்டாவின் 6 வேகப் பெட்டி, பழைய டிசையரின் 4 வேகப் பெட்டி ஆகியவற்றில் உண்டு. சிவிடி (கியர் படிகள் இல்லாமல் மாறும் ஆட்டோமேட்டிக்) என்றாலே கன்வெர்ட்டர் இருக்காது என்று நினைக்க வேண்டாம். 2014-ல் இங்கே வந்த ஹோண்டா சிட்டி சிவிடியில் கன்வெர்ட்டர் இருக்கிறது.

## 2. எது எதோடு சேர வேண்டும்

டார்ச் அடித்து கன்வெர்ட்டரின் கழுத்துக்குள் பாருங்கள். கழுத்தின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். கொஞ்சம் உள்ளே ஸ்டேட்டரின் ஸ்பிளைன் (பல்வரிசை), அதற்கும் ஆழத்தில் டர்பைனின் ஸ்பிளைன்.

இப்போது கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது இன்புட் ஷாஃப்ட். டர்பைன் ஸ்பிளைன் அதில் ஏறும். அதைச் சுற்றிக் குழாய் போல அசையாமல் நிற்பது ஸ்டேட்டர் ஷாஃப்ட். ஸ்டேட்டர் ஸ்பிளைன் அதில் ஏறும். சீலுக்குப் பின்னால், ஆழத்தில், பம்ப் கியரின் இரண்டு நாக்குகள் தெரியும். கழுத்தின் வெட்டுகள் அந்த நாக்குகளில் விழ வேண்டும். சில பெட்டிகளில் நாக்குக்குப் பதிலாகத் தட்டையான பக்கங்களோ ஸ்பிளைனோ இருக்கும். பம்பைச் சங்கிலியால் ஓட்டும் பெட்டிகளில் கழுத்து ஒரு ஸ்பிராக்கெட்டில் சேரும். எப்படி இருந்தாலும் சேர வேண்டிய இடங்கள் மூன்று; பெரும்பாலும் கடைசியாகச் சேருவது பம்ப்.

சிக்கலும் அங்கேதான். முதல் இரண்டும் சேர்ந்தாலே கன்வெர்ட்டர் நேராக நிற்கும், கையால் சுற்றினால் சுற்றும். வேலை முடிந்துவிட்டது போலத்தான் தெரியும்.

அந்த நிலையில் பெல் ஹவுசிங்கை இறுக்கினால், ஃப்ளெக்ஸ் பிளேட் (எஞ்சின் கிராங்க்கில் மாட்டியிருக்கும் தகடு) கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளும், கழுத்து பம்ப் நாக்குகளின் தலையில் முட்டி நிற்கும். நகர இடமில்லாததால் பம்ப் கியர் உடையும், அல்லது பம்ப் உடல் விரியும், அல்லது ஃப்ளெக்ஸ் பிளேட் வளையும். எஞ்சினுக்குள் கிராங்க்கின் திரஸ்ட் பேரிங்கும் அடி வாங்கும். சில சமயம் இறுக்கும்போது எதுவும் உடையாமல் தப்பி, முதல் ஸ்டார்ட்டில் உடையும்.

## 3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பெல் ஹவுசிங் வாயைக் குறுக்கே தாண்டும் நீளத்தில், ஒரே தடிமன் உள்ள நேரான இரும்புப் பட்டை ஒன்று. 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் பல பெட்டிகளுக்குப் போதும். ஆழம் அளக்கும் ஊசி உள்ள வெர்னியர். ஃபீலர் கேஜ், இல்லையென்றால் 1.5, 3, 5 மி.மீ. டிரில் பிட்கள். டார்ச், சின்னக் கண்ணாடி, டார்க் ரென்ச், பெயின்ட் மார்க்கர்.

கன்வெர்ட்டர் நழுவாமல் பிடிக்க, இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட தடிமனான தகடு ஒன்று வேண்டும். இதைத்தான் பலர் தயார் செய்வதில்லை. ஒன்பதாவது படியில் இது இல்லாமல் தடுமாறுவீர்கள்.

பம்ப் முன் சீல் புதிதாக இருக்கட்டும். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கப் போகும்போது பழைய சீலைக் கையோடு எடுத்துப் போங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

அந்தக் கியர்பாக்ஸுக்கான சர்வீஸ் மேனுவலில் கன்வெர்ட்டர் உட்காரும் ஆழம் மி.மீ.-இல் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எண்ணெய் பட்ட கையோடு ஃபோனில் தேடும்போதுதான் தவறான மாடலின் எண்ணை எடுத்துவிடுகிறோம்.

## 4. இறக்கும்போதே எடுக்க வேண்டிய அளவு

கியர்பாக்ஸ் கீழே வந்ததும் கன்வெர்ட்டரை உருவிவிடாதீர்கள். இறக்கும்போது அது கொஞ்சம் முன்னே வந்திருக்கலாம். சுற்றியபடி உள்ளே தள்ளி, மேலே போகாத இடத்தில் நிறுத்துங்கள். எட்டாவது படியில் சொல்லும் முறையில் ஆழத்தை அளந்து எழுதுங்கள். மேனுவல் கிடைக்காத வண்டிக்கு இந்த எண்தான் ஆதாரம்.

கன்வெர்ட்டரும் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் சேர்ந்திருந்த இடத்தில், பிரிக்கும் முன்பே பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். சில எஞ்சின்களில் ஓட்டைகள் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும்.

## 5. பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

கன்வெர்ட்டர் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். வெட்டுகளின் ஓரத்தில் பிசிறு இருந்தால், கழுத்து நாக்கில் விழாமல் தடுக்க அதுவே போதும்.

எஞ்சின் பக்கம் கிராங்க்கின் நடு ஓட்டையில் கன்வெர்ட்டரின் மூக்கு நுழைய வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் நிற்கும் வண்டிகளில் அங்கே துரு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். நைசான எமரி தாளால் துருவை மட்டும் எடுத்து, துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. கன்வெர்ட்டர் நடுவில் சுழல்வது அந்த ஓட்டையை நம்பித்தான்.

டோவல் பின் (பெட்டியை எஞ்சினோடு நேராக நிறுத்தும் முளை) இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். முந்தைய வேலையில் யாராவது கழற்றி வைத்து மறந்திருப்பார்கள். போல்ட் மட்டுமே பெட்டியை நேராகப் பிடிக்காது. டோவல் இல்லாமல் ஏற்றினால் பெட்டி மயிரிழை தள்ளி உட்காரும். பம்ப் புஷ் தேய்ந்து சீல் கசியும். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுப்பேட்டையில் பழைய கன்வெர்ட்டர் வாங்கினால், கழுத்தின் விட்டம், மூக்கின் விட்டம், மொத்த உயரம், போல்ட் போடும் காதுகளின் இடைவெளி ஆகிய நான்கையும் உங்கள் பழையதோடு வைத்து அளந்தபின் பணம் கொடுங்கள். போல்ட் ஓட்டை பொருந்துவதால் மட்டும் அது உங்கள் பெட்டிக்கானது என்று ஆகிவிடாது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பெட்டி மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகள் போல ஒன்று வந்தால், கூடுதல் கவனம் வேண்டும். கன்வெர்ட்டர் வெல்டிங் செய்து மூடியது. கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது முழுதாக வடியாது. தண்ணீர் கலந்த எண்ணெய், லாக்-அப் கிளட்ச்சின் (கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் டர்பைனையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்) லைனிங்கைப் பிடித்திருக்கும் பசையைக் கெடுத்துவிடும். எண்ணெய் பால் கலந்தது போல வந்திருந்தால் அந்தக் கன்வெர்ட்டரைக் கழுவி மாட்டாதீர்கள். மாற்றுங்கள், அல்லது வெட்டித் திறந்து புதுப்பிப்பவரிடம் கொடுங்கள்.

## 6. எண்ணெய்

கன்வெர்ட்டரைக் கழுத்து மேலே பார்க்க நிறுத்தி, அந்தப் பெட்டிக்குச் சொல்லப்பட்ட ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயைச் சுமார் 1 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டில் பம்ப் வெறும் காற்றை இழுக்காமல் இருக்க இது உதவும். சின்னக் கன்வெர்ட்டருக்கு இதைவிடக் குறைவாகவே பிடிக்கும். கழுத்து வரை நிரப்பினால் படுக்கவைக்கும்போது தரையில்தான் இருக்கும்.

சீலின் உதட்டிலும் கழுத்திலும் அதே எண்ணெயையோ வாசலினையோ தடவுங்கள். சேசிஸ் கிரீஸ் வேண்டாம்; அது எண்ணெயில் கரையாமல் சின்ன வழிகளை அடைக்கும். இன்புட் ஷாஃப்ட் முனையில் ஓ-ரிங் இருக்கும் பெட்டியாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள்.

## 7. உட்கார வைத்தல்

முடிந்தால் கியர்பாக்ஸை வாய் மேலே பார்க்க, மரக்கட்டைகள் மேல் அசையாமல் நிறுத்துங்கள். அப்போது கன்வெர்ட்டரின் எடை நமக்கு உதவும். படுத்த நிலையில் செய்தால் அதே எடை முழுக்கச் சீலின் மேல் தொங்கும். இன்னொருவர் கன்வெர்ட்டரைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வைக்கும் முன் ஒரு வேலை. பம்ப் நாக்குகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்து, அதற்கு நேராகப் பெல் ஹவுசிங் விளிம்பில் மார்க்கரால் கோடு போடுங்கள். கழுத்து வெட்டுகளுக்கு நேராகக் கன்வெர்ட்டரின் வெளி விளிம்பிலும் கோடு போடுங்கள். கழுத்து உள்ளே போனபின் வெட்டும் நாக்கும் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கோடுகள்தான் வழி காட்டும். கோடுகள் நேராக வரும் இடத்தில் தேடினால், எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம்.

கன்வெர்ட்டரை நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் கழுத்து விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்கும். ஷாஃப்ட்டில் ஏறியதும், இரண்டு கையாலும் பிடித்து வலமும் இடமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அழுத்த வேண்டாம். ஸ்பிளைன் பல்லோடு பல் நேராக வரும்போது தானாக ஒரு படி இறங்கும்.

இரண்டாவது இறக்கம் வந்தபின் பலர் கை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் நிதானம் தேவை. கன்வெர்ட்டரை மயிரிழை அளவு தூக்கி, எடையைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். முழு எடையும் நாக்கின் தலையில் அழுந்தியிருந்தால் பம்ப் கியரும் கூடவே சுற்றும். வெட்டும் நாக்கும் சந்திக்கவே சந்திக்காது. எடை குறைந்தால் கியர் நிற்கும், கழுத்து மட்டும் சுற்றும், வெட்டு நாக்கைக் கண்டுபிடிக்கும்.

பம்ப் சேர்ந்ததும் சுற்றுவதில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை லேசாகச் சுற்றியது, இப்போது பம்ப் கியரையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கனமாகச் சுற்றும். இது நல்ல அறிகுறி, ஆனால் அளவுக்குப் பதிலாகாது. காய்ந்த பம்பில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

சுத்தியலால் தட்டுவது, பெல் ஹவுசிங் மேல் கட்டை வைத்து நெம்புவது, ஏறி நிற்பது எதுவும் கூடாது. இறங்கவில்லை என்றால் வெளியே எடுத்து, கோடுகளைச் சரிபார்த்து, மறுபடி தொடங்குங்கள்.

## 8. அளத்தல்

பெல் ஹவுசிங்கின் எஞ்சின் பக்க முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஒட்டியிருக்கும் பழைய பேஸ்ட் துணுக்கு கூட எண்ணை மாற்றிவிடும். இரும்புப் பட்டையைக் குறுக்கே வையுங்கள். டோவல் மேலோ நீட்டிக்கொண்டிருக்கும் காது மேலோ பட்டை ஏறியிருக்கக் கூடாது.

பட்டையின் அடிப்பக்கத்திலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் காது முகம் வரை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். வெர்னியரைப் பட்டையின் மேல்பக்கத்தில் வைத்து அளந்தால் பட்டையின் தடிமனைக் கழிக்க வேண்டும். மேலிருந்து 28 வந்து பட்டை 6 மி.மீ. என்றால் உண்மையான ஆழம் 22. கழிக்க மறந்தால், உட்காராத கன்வெர்ட்டர் உட்கார்ந்ததாகக் கணக்கு காட்டும். புதியவர்களின் அளவில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இதுதான்.

ஒரு காதில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். எல்லாக் காதுகளிலும் அளங்கள், அரைச்சுற்று சுற்றி மறுபடி அளங்கள். ஒரு பக்கம் அதிகமும் எதிர்ப்பக்கம் குறைவுமாக வந்தால் கன்வெர்ட்டர் சாய்ந்திருக்கிறது.

மேனுவல் எண்ணும் இல்லை, இறக்கும்போது எடுத்த அளவும் இல்லை என்றால், எஞ்சின் பக்கம் அளந்து கணக்குப் போடலாம். எஞ்சின் பிளாக்கின் முகத்திலிருந்து ஃப்ளெக்ஸ் பிளேட்டில் கன்வெர்ட்டர் சேரும் முகம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளங்கள். கன்வெர்ட்டர் ஆழத்திலிருந்து அதைக் கழித்தால், சேர்ந்தபின் நடுவில் இருக்கப்போகும் இடைவெளி கிடைக்கும். ஆழம் 22, பிளேட் 18 வெளியே என்றால் இடைவெளி 4 மி.மீ. பிளேட் முகம் பிளாக்குக்கு உள்ளே இருந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே தகடு வரும் வண்டியில், அந்தத் தகட்டை டோவலில் மாட்டிவிட்டு அதன் முகத்திலிருந்து அளங்கள்.

கணக்கில் பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் பம்ப் சேரவில்லை, அல்லது கன்வெர்ட்டர் அந்தப் பெட்டிக்கானது இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் மேலே போக வேண்டாம்.

## 9. நழுவாமல் பிடித்து ஏற்றுதல்

மேசையில் சரியாக உட்கார்ந்தது காரடியில் போய்ச் சேர்வதற்குள் நழுவிவிடலாம். கன்வெர்ட்டரை முன்பக்கம் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பெட்டியின் வாய் சற்றுக் கீழே சாய்ந்தாலே கழுத்து பம்பை விட்டு வெளியே வரும், யாருக்கும் தெரியாது.

அதனால் அளந்தவுடன் தகட்டைப் பெல் ஹவுசிங் ஓட்டைகள் இரண்டில் போல்ட் போட்டுக் கன்வெர்ட்டர் குறுக்கே நிறுத்துங்கள். தகடும் கன்வெர்ட்டரும் தொட்டால் போதும்.

செயின் பிளாக்கில் ஒரே கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றும் பட்டறைகளில் இது இன்னும் முக்கியம். பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று கொக்கி போட்ட இடம்தான் முடிவு செய்யும். வாய்ப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக வரும்படி கட்டுங்கள். கியர்பாக்ஸ் ஜாக்கி என்றால் பெட்டியை இறுக்கிக் கட்டி, வாயைச் சற்று மேலே வையுங்கள். கியர்பாக்ஸின் எடை ஒரு ஆள் கையால் தாங்கும் எடை இல்லை. அடியில் படுத்துக்கொண்டு தாங்க முயல வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றாமல் காரடியில் போகவும் வேண்டாம்.

எஞ்சினுக்கு அருகில் வந்ததும் தகட்டைக் கழற்றுங்கள். கழற்றிய உடனே ஸ்கேலை வைத்து ஒரு காதிலாவது மறுபடி அளங்கள். மேசையில் வந்த அதே எண் வர வேண்டும்.

## 10. பெல் ஹவுசிங் சேரும் நேரம்

டோவல் இரண்டும் நேராக வந்தால், பெட்டி கையால் தள்ளியே பிளாக் முகத்தைத் தொட வேண்டும். சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது இடைவெளி இருந்தால் நிறுத்துங்கள்.

முதலில் ஸ்டார்ட்டர் ஓட்டை வழியாகவோ அடி மூடி வழியாகவோ விரலை விட்டுக் கன்வெர்ட்டரைத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் காரணம் இல்லை. ஒயர் மாட்டியிருக்கும், நடுத் தகடு நழுவியிருக்கும், அல்லது ஜாக்கி கோணம் தப்பியிருக்கும். இறுகிப்போய் அசையவில்லை என்றால் கன்வெர்ட்டர் வெளியே வந்துவிட்டது. பெட்டியைப் பின்னால் இழுத்து ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

"போல்ட் போட்டா தானா சேர்ந்துடும்ணா" என்று யாராவது சொன்னால் ஸ்பேனரை வாங்கி வைத்துவிடுங்கள். டோவல் இறுக்கமான பெட்டிகளில் கடைசி ஒன்றிரண்டு மி.மீ.-க்கு எதிரெதிர் போல்ட்டை மாறி மாறிக் கால் சுற்று இறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பின்பும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். சுற்றாத நொடியில் நிறுத்துங்கள்.

## 11. இடைவெளியும் போல்ட்டும்

பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் இறுகியபின் கன்வெர்ட்டரைப் பெட்டிப் பக்கம் முழுதாகத் தள்ளி, காதுக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே டிரில் பிட்டின் வழுவழுப்பான பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். பல அமெரிக்கப் பெட்டிகளுக்குச் சொல்லப்படும் அளவு 1/16 முதல் 3/16 அங்குலம். அதாவது ஏறக்குறைய 1.5 முதல் 5 மி.மீ. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

இந்த இடைவெளி வீண் இல்லை. சூட்டிலும் அழுத்தத்திலும் கன்வெர்ட்டர் கொஞ்சம் உப்பும். இடமே இல்லையென்றால் அந்த உப்பல் பம்பையும் கிராங்க்கையும் தள்ளும். இடைவெளி மிக அதிகமாக இருந்தால், போல்ட் போட்டு முன்னே இழுக்கும்போது கழுத்து நாக்கின் நுனியில் மட்டும் பிடித்து ஓடும். நுனி தேய்ந்து ஒருநாள் நழுவும். அதிகம் வந்தால் வாஷர் போடுவதற்கு முன் சரியான கன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள்.

போல்ட் பழையதே, அல்லது அதே நீளம் உள்ளதே வேண்டும். நீளமான போல்ட் கன்வெர்ட்டரின் முன் தகட்டை உள்நோக்கிப் பிதுக்கும். லாக்-அப் கிளட்ச் உரசுவது அதே தகட்டின் உள்பக்கத்தில்தான். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள், பிறகு மேனுவல் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் ஓட்டை நேராக வராது. கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு முழுச் சுற்று தடையின்றி வர வேண்டும்.

## 12. முதல் ஸ்டார்ட்

மேனுவல் சொன்ன முதல் அளவு ஏடிஎஃப் ஊற்றாமல் சாவியைத் தொடாதீர்கள். டிரைவ் வீல்கள் தரையில் படாமல் வண்டியைத் தாங்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் வேண்டாம், ஐடிலில் ஓடட்டும். உரசலோ ஊளையோ கேட்டால் உடனே அணையுங்கள். சத்தம் இல்லாமல் எந்தக் கியரிலும் வீல் சுற்றவில்லை என்றால், எண்ணெய் அளவை ஒருமுறை பார்த்துவிட்டு அணையுங்கள். பம்ப் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ரேஸ் செய்து பார்க்க வேண்டாம்.

ஓடினால், பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி மாற்றுங்கள். மேனுவல் சொன்ன சூட்டில் எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். கடைசியாகப் பெல் ஹவுசிங் அடியில் ஒரு அட்டையைப் போட்டு வண்டியை இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அட்டையில் ஏடிஎஃப் நிறத்தில் சொட்டு இருந்தால் பம்ப் முன் சீலைப் பார்க்க வேண்டும். கறுத்த எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க்கின் பின் சீல்.